ஒரே முகவரியில் ஆறு பேர்

ஆகஸ்ட் 22, வெள்ளி

காரின் டிக்கியை ஒழித்தேன். போன பருவத்துக் கட்டுரைத் தாள்கள், காய்ந்துபோன மார்க்கர் பேனா பதினொன்று, ஒற்றைச் செருப்பு, உருகி மூடியோடு ஒட்டிக்கொண்ட ஒரு மெழுகுவர்த்தி. இதுதான் என் அலுவலகம். பத்தொன்பது வருஷமாக லாஸ் ஏஞ்சலிஸின் மூன்று மூலைகளில் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் பகுதிநேரமாக ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்றில்கூட எனக்கென்று ஒரு மேசை இழுப்பறி கிடையாது. பார்க்கிங் அட்டை மட்டும் மூன்று உண்டு.

திங்கட்கிழமை பருவம் தொடங்குகிறது. மேட்டுக் கல்லூரியில் எனக்கு ஒரு இணையவழி வகுப்பு. குன்றின் மேல் இருப்பதால் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஹோவ்செப்பும் அந்தப் பெயர் வைத்தோம். நாற்பது இடமும் நிரம்பிவிட்டதாம். காத்திருப்போர் பட்டியலில் வேறு பதினெட்டுப் பேர். என் வகுப்புக்கு இப்படி ஒரு நாளும் அடிதடி நடந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஏனோ ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாற்பதில் முதல் நாள் எட்டிப் பார்த்தவர்கள் பதினேழு பேர். மீதியெல்லாம் பெயர் எழுதிய கருப்புக் கட்டங்கள். கூப்பிட்டால் குரல் இல்லை. முதல் வேலையாக ஒரு பத்தி எழுதச் சொன்னேன்: உங்கள் வீட்டில் கேட்கும் ஒரு சத்தம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சீ.

பத்திகள் வந்துவிட்டன. ஒன்று இப்படித் தொடங்குகிறது: ‘கணினி நிரலாகிய எனக்கு வீடு கிடையாது, ஆனாலும் அம்மா சமைக்கும் சத்தம் என் மனத்தை நெகிழ வைக்கிறது.’ அனுப்பியவன் ஒருமுறை படித்துக்கூடப் பார்க்கவில்லை! இன்னொன்று அதே பத்தி, அம்மாவுக்குப் பதில் அத்தை.

ஹோவ்செப்புக்குப் போன் போட்டேன். அவன் புள்ளியியல் வாத்தியார், என்னைப் போலவே கார் டிக்கியில் குடித்தனம். கிராசியெலாவைச் சுருக்கி என்னைச் சேலா என்பான். “உனக்கு இப்பத்தான் தெரியுதா சேலா? பேய்ங்க. எவனோ ஒரு கூட்டம் செத்தவன் பேரு, ஜெயில்ல இருக்கவன் பேரு எல்லாத்தையும் திருடி சேத்துவிடுறான். உதவித்தொகை கைக்கு வந்ததும் பேய் மறைஞ்சுரும். என் கிளாஸ்ல முப்பத்தஞ்சுக்கு இருபது பேய்” என்றான். இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான் பாவி.

படிக்க வந்த சனத்தின் பாயில் படுத்துக்கொண்டு படிக்காமல் போகிறவர்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

கல்லூரி வாகன நிறுத்தத்தில் ஒரு பெண் என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முதியோர் விடுதிச் சீருடை, வீங்கிய கால். பெயர் ரெய்னா மென்ஹிவார். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்.

“மிஸ், டிசம்பருக்குள்ள இந்தப் பாடம் முடிச்சாத்தான் நர்சிங்குக்கு மனு போட முடியும். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் போயிரும். போன வருஷமும் இதேதான் ஆச்சு. ஒரே ஒரு எடம் மிஸ். நான் தரையில உக்காந்துக்கூடப் படிப்பேன்.”

இணையத்தில் தரை ஏது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. செப்டம்பர் எட்டாம் தேதி எண்ணிக்கை நாள், அதற்கு முன்னால் இடம் காலியானால் உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டீன் ப்ரெஸ்டன் ஓக்ஸைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் என்னை ஒருமுறைகூட கிராசியெலா என்று கூப்பிட்டதில்லை. ‘கிரேஸ்’தான்.

“கிரேஸ், உங்க ஆர்வம் புரியுது. ஆனா எட்டாம் தேதி தாண்டட்டும். அன்னிக்குத்தான் அரசாங்கம் தலைய எண்ணும். அதை வெச்சுத்தான் நமக்குப் படியளக்கும். அதுவரைக்கும் தலைன்னா தலைதான்.”

“உடம்பு இல்லாத தலையா?” என்றேன்.

“அதைக் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்லீங்களே” என்றான், தேன் தடவின வாயால்.

எட்டாம் தேதிக்கு அப்புறம் இடம் காலியானால் இவன் கையெழுத்தில்லாமல் யாரையும் சேர்க்க முடியாது, அது இவனுக்கும் தெரியும். பேயை எண்ணிக் காட்டிவிட்டு ரெய்னாவை நடையில் நிறுத்திவைப்பான். வெளியே வந்து கையைக் கழுவினேன். கை கொடுத்த பாவத்துக்கு.

அதே வேகத்தில் உட்கார்ந்து பட்டியலை அலசினேன். பதினேழு பேர் அப்பட்டமான பேய். அதோடு இன்னொரு அசிங்கம்: ஆறு பேர், ஆறு பெயர், ஒரே தபால்பெட்டி எண், ஒரே தொலைபேசி எண்! ஆறு பேருக்கும் புகைப்படம் இல்லை. ஆறு பத்தியும் ‘சொல்வதற்கு அதிகமில்லை, ஆனாலும் சொல்கிறேன்’ என்று தொடங்குகின்றன. என் தலையில் மிளகாய் அரைக்க வந்த கும்பல். கொஞ்சம் மாற்றி எழுதக்கூடச் சோம்பல்.

இருபத்து மூன்று பேருக்கும் கடிதம் போட்டேன். செவ்வாய் காலை எட்டு மணிக்குள் கேமராவைப் போட்டு முகத்தைக் காட்ட வேண்டும், அல்லது அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். இல்லையென்றால் பெயர் நீக்கம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒரே ஒரு பதில் வந்திருக்கிறது. அந்த ஆறு பேர் கும்பலிலிருந்து, நொயெமி ஸெலாயா என்ற பெயரில். ‘மதிப்புக்குரிய பேராசிரியர், கேமரா போட இயலாது. நேரில் வர இயலாது. காரணம் சொல்ல இயலாது. தயவுசெய்து நீக்க வேண்டாம்.’

காரணம் சொல்ல இயலாதாம். மகாராணி!

அந்த முதல் வரியைத் தாண்டினால் இவளுடைய பத்தி மட்டும் மற்ற ஐந்தைப் போல இல்லை. பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். அது மெதுவாகத் திரும்பினால் குழந்தைகளைச் சாப்பிட உட்கார வைப்பாளாம், வேகமாகத் திரும்பினால் படுக்கப் போகச் சொல்வாளாம். நன்றாகத்தான் இருக்கிறது. எந்தத் துப்பறியும் கதையிலிருந்து சுட்டாளோ. திருடுவதிலும் ருசி தெரிந்த திருட்டு.

செப்டம்பர் 2, செவ்வாய்

லேபர் டே விடுமுறை முடிந்து காலை எட்டு ஒன்றுக்கு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சொடுக்கு. இருபத்து மூன்று. ப்ரெஸ்டனிடம் கேட்கவில்லை. பட்டியலிலிருந்து நீக்குவது ஆசிரியரின் உரிமை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அவன்தான் படித்ததில்லை.

வீட்டைக் கூட்டித் தள்ளி வாசலில் தண்ணீர் தெளித்தமாதிரி ஒரு சுகம். பொய் சொல்வானேன்? அனுபவித்துச் செய்தேன்.

செப்டம்பர் 3, புதன்

ரெய்னாவுக்கு இடம் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் பதினோரு பேருக்கும். ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்து முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தேன். ரெய்னா ஒரு டப்பா நிறைய புபூசா என்ற சோள ரொட்டியும் கோஸும் கொண்டுவந்தாள். வாகன நிறுத்தத்தில் காரின் மேல் வைத்து நானும் ஹோவ்செப்பும் தின்றோம். “பேயோட்டி சேலா” என்றான், வாயில் கோஸோடு.

செப்டம்பர் 8, திங்கள்

எண்ணிக்கை நாள். என் வகுப்பில் இருபத்தொன்பது. அத்தனையும் ரத்தமும் சதையும். ப்ரெஸ்டனிடமிருந்து ஒரு வரி: ‘நாம் பேச வேண்டும், கிரேஸ்.’

செப்டம்பர் 11, வியாழன்

பேசினோம். திட்டத்தான் கூப்பிட்டான் என்று நினைத்து வரிந்து கட்டிக்கொண்டு போனால், கையைப் பிடித்துக் குலுக்குகிறான். மேலிடத்திலிருந்து பேய்களை ஒழிக்கச் சொல்லி ஓலை வந்துவிட்டதாம். எங்கள் கல்லூரி ஏற்கனவே ஒழித்துவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டான். இருபத்து மூன்று என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு! இரண்டு வாரத்துக்கு முன்னால் தலைன்னா தலைதான் என்ற அதே வாய்.

எனக்கு ‘விழிப்பான ஆசிரியர்’ என்று ஒரு சான்றிதழ். ஆசிரியர் அறையில் டோனட். ஆளுக்கு அரை டோனட், கத்தியால் வெட்டி வைத்திருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ப்ரெஸ்டன் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். ஆனால் சான்றிதழைக் கிழிக்கவில்லை. டிக்கியில் மடங்காமல் வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி. காரில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, தலையில் முக்காடுபோலக் கட்டிய துணி, கறுப்புக் கண்ணாடி.

“மிஸ், கதவத் தொறங்க. வெளிய நின்னு பேச எனக்குப் பயமா இருக்கு.”

திறந்தேன். உள்ளே வந்து இருக்கையில் சரிந்து தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார்மேன் ப்ரூயிட். உங்க கிளாஸ்ல இருந்தேன், எட்டு நாளு. நீங்கதானே எங்க ஆறு பேரையும் ஒரே நாள்ல தூக்கி வெளிய போட்டது?”

“எந்த ஆறு பேர்?” என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“ஒரே தபால்பெட்டி, ஒரே போன் நம்பரு. அந்த ஆறு பேருதான். ஏன் மிஸ், ஒரே எடத்துல ஆறு பொம்பளைங்க எங்கெல்லாம் இருப்பாங்கன்னு ஒரு தடவகூட யோசிக்கலியா?”

யோசிக்கவில்லை.

“புருஷன்கிட்ட அடிபட்டு ஓடி வந்தவங்க ஒளிஞ்சிருக்கிற வீடு அது. எங்க இருக்குன்னு யாருக்கும் சொல்லக்கூடாது. போட்டோ கூடாது. கேமரா கூடாது. எங்க மூஞ்சி வெளிய தெரிஞ்சா ஒருத்தி இல்ல, எல்லாரும் மாட்டுவோம். உங்க லெட்டர் வந்தது வியாழன் சாயங்காலம். வெள்ளி மத்தியானத்தோட அந்த வீட்டு ஆபீஸ் பூட்டு, செவ்வாய்தான் தொறப்பாங்க. கம்ப்யூட்டர் உள்ள இருக்கு. நொயெமி மட்டும் பூட்டுறதுக்குள்ள ஓடிப்போய் நாலு வரி போட்டா.”

“ஆறு பேரும் ஒரே மாதிரி ஆரம்பிச்சிருந்தீங்களே…” என்று இழுத்தேன்.

“சனிக்கிழமை ஒரு அம்மா வந்து சொல்லித் தருவாங்க. எப்படி ஆரம்பிக்கணும்னு போர்டுல எழுதிப் போட்டாங்க. பாத்து எழுதினோம். நான் பள்ளிக்கூடம் விட்டு இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு மிஸ். ஆரம்பிக்கிறது எப்படின்னு ஒருத்தர் சொல்லிக்குடுத்தா அது திருட்டா?”

பத்தொன்பது வருஷமாக நானும் போர்டில் அதைத்தான் எழுதிப்போடுகிறேன்.

எதற்கு வந்தாய் என்று கேட்டேன். திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்தாளாம். அந்த வீட்டில் முப்பது நாளுக்கு மேல் தங்க வேலையில் இருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து பேருக்கு எப்படியோ வேலை கிடைத்துவிட்டது. இவளுக்குச் சலவைக்கடையில்.

“நொயெமி?”

“அவளுக்குக் கெடைக்கல. யாரும் வெளிய தள்ளல, இன்னும் ரெண்டு வாரம் டைம் குடுத்தாங்க. ஆனா அவ விட்டுட்டா. ‘இதுவும் போச்சு’ன்னு சொல்லி போன ஞாயித்துக்கிழமை ரெண்டு புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.”

“எங்கே?”

சார்மேன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். “எங்கயா? வீட்டுக்குத்தான் மிஸ்.”

செப்டம்பர் 19, வெள்ளி

நொயெமியின் பத்தியை மறுபடி படித்தேன். பூட்டில் சாவி. ருசி தெரிந்த திருட்டு என்று எழுதிய கை இதே கை. தூ. நேற்றிலிருந்து எதைத் தின்றாலும் குமட்டுகிறது. ப்ரெஸ்டனைப் பார்த்து வந்த குமட்டல் இல்லை இது. அதற்கு ஒரு திமிர் இருந்தது, இதற்கு அதுவும் இல்லை.

அவளுடைய கல்லூரி மெயிலுக்கு எழுதினேன். என்னை மன்னித்துவிடு, தப்பு என்னுடையது, அக்டோபரில் தொடங்கும் எட்டு வார வகுப்பும் என்னுடையதுதான், உனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறேன், கேமரா தேவையில்லை. நாலே வரி. அனுப்பிவிட்டு ஹோவ்செப்பிடம் சொன்னேன். லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

“சேலா, அந்த மெயில அவ மட்டுந்தான் பாப்பாளா?”

ஐயோ.

செப்டம்பர் 20, சனி

அனுப்பிய மெயிலைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று கல்லூரித் தொழில்நுட்ப உதவியைக் கேட்டேன். சனிக்கிழமை விடுமுறை என்று ஒரு பதிவுக் குரல்.

செப்டம்பர் 22, திங்கள்

முதல் வேலையாக மறுபடி கேட்டேன். அனுப்பினது அனுப்பினதுதானாம். நேரே ப்ரெஸ்டனிடம் போனேன். எண்ணிக்கை நாளுக்கு அப்புறம் ஒருவரைச் சேர்க்க டீன் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மாறவே இல்லை.

“ரொம்ப வருத்தமான விஷயம், கிரேஸ். ஆனா இருபத்து மூணுன்னு எழுதிக் குடுத்துட்டோம். இப்பப் பதினேழுன்னு மாத்தினா, ‘அடிபட்ட பொம்பளைங்களத் தொரத்தின கல்லூரி’ன்னு பேப்பர்ல வரும். யாரு பேரு வரும்னு நெனைக்கிறீங்க? சொடுக்கினது நானில்லையே.”

“நான்தான்” என்றேன்.

“அப்புறம் என்ன? அக்டோபர் கிளாஸ் இருக்கு. எல்லாரையும்போல அவங்களும் வரிசையில நிக்கட்டும்.”

இவனை வெறுப்பது எவ்வளவு சௌகரியமாக இருந்தது இத்தனை நாளும்! தப்பான காரணத்துக்காகச் சொன்னான் என்றாலும் இவன் பேச்சைக் கேட்டு எட்டாம் தேதி வரை சும்மா இருந்திருந்தால் ஆறு பேரும் உள்ளே இருந்திருப்பார்கள். ரெய்னா வெளியே நின்றிருப்பாள். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நாற்றம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கல்லூரிகளை நிர்வகிக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு என் பெயர் போட்டு எழுதினேன். இருபத்து மூன்று இல்லை, பதினேழு. மீதி ஆறு பேரை நீக்கியது என் தவறு. சான்றிதழையும் அதே உறையில் வைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ரெய்னாவின் கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பாராட்டி எழுத வேண்டிய இடத்தில் ‘நன்று’ என்று மட்டும் எழுதினேன். அவள் என்ன செய்தாள் பாவம்.

அக்டோபர் 6, திங்கள்

மாவட்டத்திலிருந்து பதில். அக்டோபர் வகுப்பில் அந்த ஆறு பேருக்கும் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். முகவரியும் படமும் இல்லாமல் சேர்க்க ஒரு வழியும் செய்திருக்கிறார்கள். அது முன்பே இருந்திருக்கலாம். நானும் முன்பே கேட்டிருக்கலாம்.

மத்தியானம் ப்ரெஸ்டனிடமிருந்து: வசந்த பருவத்தில் மேட்டுக் கல்லூரியில் எனக்கு வகுப்பு இல்லை. காரணம் எழுதவில்லை. ஹோவ்செப் கொதிக்கிறான், ஆசிரியர் சங்கத்துக்குப் போகலாம் என்கிறான். எனக்குக் கொதிக்கத் தெம்பில்லை.

அக்டோபர் 20, திங்கள்

எட்டு வார வகுப்பின் முதல் நாள். யாரையும் கேமரா போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன்.

“ப்ரூயிட்?”

“இருக்கேன் மிஸ். இந்தத் தடவ தூக்கிராதீங்க” என்றாள் சார்மேன். இன்னும் நாலு பெண்கள் பின்னால் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்போல.

“ஸெலாயா?”

சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து அடுத்த பெயருக்குப் போனேன்.

அக்டோபர் 24, வெள்ளி

பதில் இல்லை. இந்த வகுப்புக்கு எண்ணிக்கை நாள் அடுத்த வியாழன். அதுவரை அவள் பெயரை எடுக்க மாட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

காலை பதினொன்றுக்கு மெயில் வந்தது. நொயெமி ஸெலாயா என்ற பெயரைப் பார்த்ததும் காரை ஓரம் கட்டினேன்.

‘மதிப்புக்குரிய பேராசிரியர். உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு இனிப் படிப்பு தேவையில்லை. நான் வீட்டில் நலமாக இருக்கிறேன். இதைத் தட்டச்சு செய்ய என் கணவர் உதவி செய்கிறார். இனி எழுத வேண்டாம்.’

சார்மேன் இருக்கும் வீட்டுக்கு, சனிக்கிழமை பாடம் சொல்லித்தரும் அந்த அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினேன். யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவளே கூப்பிட்டால்தான் போக முடியும் என்று பதில் வந்தது.

நான் பதில் எழுதவில்லை.

மூன்று மணிக்குப் பட்டியல் மூடும். இரண்டு ஐம்பது வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஸெலாயா என்ற பெயருக்கு நேரே சொடுக்கிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த டெஸ்மண்ட் ஆக்கர்லி என்பவருக்கு அனுமதி எண் அனுப்பினேன். யாரோ, எந்த ஊரோ, முகம் பார்க்கவில்லை. ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: ‘எனக்கா மிஸ்? நிஜமாவா?’